செட்டிநாட்டு வீட்டில் இரண்டு நிமிடக் காட்சி: எடுப்பது, எடிட் செய்வது, திரும்பிப் பார்ப்பது

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் ஒரு காட்சியை எடுத்து, எடிட் செய்து கொடுக்கும்போது கூடவே ஓர் அனுபவக் குறிப்பும் எழுதித் தர வேண்டும். முக்கால்வாசிக் குறிப்புகளில் ஒரே வாசகங்கள்தான் இருக்கும்: குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டோம், நேரத்தின் அருமை புரிந்தது, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். கேமராவைத் தொடாதவர்கூட இதை எழுதிவிடுவார். சோம்பலால் இப்படி எழுதுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டையும் ஏன் எடுத்தோம் என்று எடுத்த நாளில் எங்கும் குறித்து வைக்கவில்லை. எடிட் முடிந்த பிறகு எதோடு எதை ஒப்பிடுவது?

அதனால் இந்த வழிகாட்டி கடைசி வேலையை முதலிலேயே தொடங்கச் சொல்கிறது. குறிப்பு எழுதுவதற்கான நோட்டைப் படப்பிடிப்புக்கு முன்பே திறந்துவிடுங்கள். மீதியெல்லாம் அதில் வந்து சேரும்.

முதலில் காட்சி

பேச வசதியாக ஒரே மாதிரிக் காட்சியைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. அப்பத்தா தனியாக இருக்கிறார். வீட்டை விற்பதற்குக் கையெழுத்து வாங்க, சென்னையிலிருந்து பேரன் வாடகைக் காரில் வந்து இறங்குகிறான். அப்பத்தாவின் இடுப்பில் சாவிக்கொத்து.

பேரன்: "வண்டி வெளிய நிக்குது அப்பத்தா. வெயிட்டிங் சார்ஜ் ஏறுது."

அப்பத்தா: "கையெழுத்து எங்கயும் ஓடிப் போயிராது. முதல்ல சாப்பிடு."

கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை எடுத்து நீட்டுகிறார். "உங்க ஐயா ரூமத் தொறந்து ஒரு தடவ பாத்துட்டு வா. அப்புறம் பேசுவோம்." ஐயா என்றால் இங்கே தாத்தா.

அவ்வளவுதான். இதை ஒரே வரியில் எழுதுங்கள், அந்த வரியில் ஒரு மாற்றம் இருக்க வேண்டும்: 'அவசரத்தில் வந்தவன் சாவியை வாங்கியதும் தயங்குகிறான்.' மாற்றம் இல்லாத வரி வந்தால், உதாரணமாக 'பாட்டியும் பேரனும் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்று வந்தால், அது இன்னும் காட்சியாகவில்லை. அந்த நிலையில் கேமரா வாடகைக்குச் சொல்ல வேண்டாம்.

கதை எங்கே திரும்புகிறது என்பதையும் பென்சிலால் வட்டமிடுங்கள். நமக்கு அது சாவி கை மாறும் இடம். பின்னால் எடிட்டிங்கில் எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த வட்டத்திடம்தான் கேட்கப் போகிறீர்கள்.

வீடு கிடைப்பது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று எங்கே போனாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஷூட்டிங் புதிதல்ல. ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் 1940களில் இங்கே, காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ நடத்தினார், கோடம்பாக்கத்துக்குப் போனதே 1948இல்தான். இன்றும் பெரிய பட யூனிட்டுகள் வந்து போகின்றன. அதனால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் துல்லியமாக இருக்கும்: எத்தனை பேர், கரண்ட் எவ்வளவு இழுக்கும், தூணில் ஆணி அடிப்பீர்களா, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள். பதிலோடு போங்கள்.

ஒரு விஷயம் பல குழுக்களுக்குத் தெரிவதில்லை. இந்த வீடுகளில் பெரும்பாலானவை ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி அறை ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து வந்தவை. இன்றைய பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று சிதறி இருப்பார்கள். சாவி வைத்திருக்கும் காவல்காரர் "எடுத்துக்கங்க தம்பி" என்று சொன்னால் போதாது. பொறுப்பில் இருக்கும் பங்காளி யார் என்று கேட்டு, அவரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் தேதி, நேரம், ஆட்கள், பயன்படுத்தும் பகுதி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூட்டியிருக்கும் அறையைத் திறக்கச் சொல்லாதீர்கள், அது இன்னொரு பங்காளியுடையதாக இருக்கும். நம் கதையிலேயே ஐயாவின் அறைக் கதவு வருகிறது. கதவைத் திறப்பதைக் காட்டாமல், சாவித் துவாரத்துக்கு அருகில் போகும் கையோடு நிறுத்தினால் அனுமதிச் சிக்கலும் தீரும், காட்சிக்கும் அதுவே நல்லது.

கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். தெருவில் எடுப்பதாக இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். கோயிலுக்குள் கேமராவோடு நுழையும் எண்ணம் இருந்தால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். சின்னக் காட்சிக்கு அந்த வம்பே வேண்டாம் என்பது என் கட்சி.

ரெக்கி: வெறுங்கையோடு போகாதீர்கள்

லொக்கேஷன் பார்க்கப் போகும்போது எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் போட்டோக்களில் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் எல்லாம் அழகாக இருக்கும். படப்பிடிப்புக்கு அவற்றால் பாதிப் பயன்தான். படப்பிடிப்பு எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில் போங்கள். வளவின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, வெயில் எந்தக் கல்வரை வருகிறது என்பதை மணிக்கு ஒரு தடவை போனில் எடுத்து வையுங்கள். பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டவை. முகப்பிலிருந்து பின்கட்டுவரை வாசல்கள் நேர்க்கோட்டில் இருக்கும். முகப்பில் நின்று பார்த்தால் அடுத்த தெரு வெளிச்சம் சின்னக் கட்டமாகத் தெரியும். பார்க்க அற்புதமான ஆழம். ஆனால் காலையிலும் மாலையிலும் ஏதோ ஒரு முனையில் வெளிச்சம் கொட்டி, நடுவில் நிற்பவர் கறுத்துப் போவார்.

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காரவும் செய்யுங்கள். புறா, மயில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், பேருந்து ஹாரன், கோயில் ஒலிபெருக்கி. எது எப்போது வருகிறது என்று எழுதுங்கள். மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். மயிலிடம் கேட்க முடியாது.

ஷாட் பட்டியலில் ஒரு பத்தி கூடுதல்

வழக்கமான பட்டியலில் ஷாட் எண், அளவு, கோணம், நகர்வு, வசனம் இருக்கும். கடைசியில் 'ஏன்' என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். அனுபவக் குறிப்பின் விதை இதுதான். நம் காட்சிக்கு இப்படி வரும்:

1. மாஸ்டர். தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து இருவரும், முழு வசனமும். ஏன்: வீட்டின் நீளத்தில் இருவரும் சின்னதாகத் தெரிய வேண்டும்.
2. பேரன் தோளுக்கு மேல் அப்பத்தா, அதாவது சஜஷன் ஷாட். ஏன்: அவன் அவசரம் அவரைத் தொடவில்லை என்று தெரிய வேண்டும்.
3. அப்பத்தா தோளுக்கு மேல் பேரன். ஏன்: போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறான்.
4. சாவி, மிக நெருக்கத்தில், இடுப்பிலிருந்து கைக்கு. ஏன்: கதை திரும்பும் இடம்.
5. பேரன் முகம், குளோஸ், வசனம் இல்லாமல். ஏன்: தயக்கம் இங்கேதான் தெரியும்.
6. அப்பத்தா முகம், குளோஸ். ஏன்:

ஆறாவதில் 'ஏன்' காலியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பட்டியலில் அப்படி ஒன்று வந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, எடுக்காதீர்கள். அல்லது 'பாதுகாப்புக்கு' என்று நேர்மையாக எழுதிவிட்டு எடுங்கள். 'ஃபீல் வரும்' என்று மட்டும் எழுத வேண்டாம்.

ஜிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) கிடைத்துவிட்டது என்பதற்காகத் தூண் தூணாகச் சுற்றி வரும் ஷாட்டைச் சேர்ப்பதும் இந்தப் பத்தியில்தான் மாட்டிக்கொள்ளும். செட்டிநாட்டு வீடுகளில் இந்த ஆபத்து அதிகம். எங்கே கேமராவைத் திருப்பினாலும் அழகு, பார்வையாளர் தூணைப் பார்க்கத் தொடங்கிவிடுவார், அப்பத்தா காணாமல் போவார். வீட்டைக் காட்ட மாஸ்டர் ஒன்று போதும்.

ஆட்களை எங்கே உட்கார வைப்பது

இந்த ஒரு முடிவில் பாதி ஒளியமைப்பும் முக்கால்வாசி எடிட்டிங்கும் அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வளவு திறந்த வெளி, சுற்றிலும் தூண்களோடு தாழ்வாரம், தாழ்வாரத்தின் மறுபக்கம் அறைச் சுவர். வெளிச்சம் வளவிலிருந்து மட்டும்தான் வருகிறது. பல வீடுகளில் வளவின் மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். உச்சி வெயிலில் அதன் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவைத் தாழ்வாரத்தில் தூணில் சாய்த்து உட்கார வையுங்கள். பேரனை அதே தாழ்வாரத்தில் நாலடி தள்ளி உட்கார வையுங்கள். இப்போது இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோடு தாழ்வாரத்தோடு இணையாக ஓடுகிறது, வளவின் வெளிச்சம் இருவருக்கும் பக்கவாட்டில் விழுகிறது. கேமரா இந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? வளவுப் பக்கம் நின்றால் முகம் முழுக்க வெளிச்சம் சமமாகப் படிந்து தட்டையாகத் தெரியும், பின்னால் வெறும் சுவர். சுவர்ப் பக்கம் நின்றால் முகத்தின் தூரத்துப் பாதி ஒளியிலும் கேமராப் பக்கப் பாதி மென்நிழலிலும் இருக்கும், பின்னால் தூண் வரிசை ஓடும். சுவர்ப் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். மாஸ்டரைக்கூடத் தாழ்வாரத்தின் முனையில், சுவரை ஒட்டி வைத்தால் அதே பக்கத்தில் இருக்கலாம்.

பக்கத்தை முடிவு செய்த பிறகு எல்லா ஷாட்டும் அந்தப் பக்கம்தான். கோட்டைத் தாண்டினால் எடிட்டிங்கில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், எதிரெதிரே பேசுவதாகவே தெரியாது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, உதவி இயக்குநர் ஒருவரை அதற்குக் காவல் வையுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் வேறு எதையும் ஒட்டாதீர்கள், டேப்பின் பசை மெருகைக் கெடுத்துவிடும். சாக்பீஸையும் வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கல்லைப் பற்றி இன்னொன்று. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிச் செய்வதால் அதன் மேற்பரப்பு வழுவழுவென்று இருக்கும். வெயில் பட்டால் பச்சையும் சிவப்பும் கீழிருந்து எதிரொளித்து முகத்தில் ஏறும். தரையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் கழுத்துக்கு அடியில் பச்சை தெரிந்தால் காரணம் அதுதான். ஃபிரேமுக்கு வெளியே உள்ள தரையில் கறுப்புத் துணி விரியுங்கள், சரியாகிவிடும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பச் சுவரோரம் ஒரு தெர்மாகோல் பலகை போதும். வெயில் நேராக முகத்தில் அடித்தால் ஃபிரேமுக்கு வெளியே இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

போனில் எடுத்தாலும் சரி, மிரர்லெஸ்ஸில் எடுத்தாலும் சரி, தானியங்கி எல்லாவற்றையும் அணையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் குழல் விளக்கு அலையடிக்காது. 24 ஃபிரேமிலும் இதே ஷட்டர் சரிதான். ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வின் பக்கம் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் பேரனுக்கு ஒரு நிறமும் அப்பத்தாவுக்கு ஒரு நிறமும் வந்து கலர் கிரேடிங்கில் உயிரை எடுக்கும். எக்ஸ்போஷரை முகத்துக்கு வைத்துப் பூட்டுங்கள், வளவு கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

போனின் சொந்த கேமராவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. நீண்ட டேக்கில் ஒலி மெல்ல விலகிவிடும். பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் இதையெல்லாம் கையால் வைக்கலாம். ஏரோப்ளேன் மோடு போட மறக்காதீர்கள். அருமையான டேக்கின் நடுவில் லோன் வேண்டுமா என்று யாரோ கூப்பிடுவார்கள்.

ஒலி

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு, கல், பளிங்கு, உயரமான கூரை: இந்த வீடுகள் எதிரொலிக்கவே கட்டியவை மாதிரி இருக்கும். கேமராவின் மைக்கில் பதிவு செய்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது போலக் கேட்கும்.

மைக்கை வாய்க்கு அருகில் கொண்டு போவதுதான் ஒரே நிவாரணம். பேரனுக்கு லேபல் மைக்கைச் சட்டைப் பட்டன் இடைவெளியில் வைக்கலாம். அப்பத்தாவுக்குச் சேலை சரசரக்கும். கஞ்சி போட்ட சேலையும் பட்டும் வேண்டாம், துவைத்துத் துவைத்து மெதுவான பருத்திச் சேலை கொடுங்கள். மைக்கை முந்தானைக்கு அடியில், ரவிக்கை ஓரத்தில் ஒட்டுங்கள். அந்த வேலையைக் குழுவில் உள்ள பெண் ஒருவர் செய்யட்டும். வீட்டில் ஜமுக்காளம், மெத்தை, கோரைப்பாய் இருந்தால் கேட்டு வாங்கி ஃபிரேமுக்கு வெளியே சுவரிலும் தரையிலும் போடுங்கள். எதிரொலி கண்கூடாகக் குறையும், அதாவது காதுகூடாக.

பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருக்கட்டும். எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஷாட்டுக்கு ஷாட் பின்னணி மாறும்போது இதை வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். சாவிக்கொத்து ஒலியையும் பக்கத்தில் மைக் வைத்துத் தனியாக எடுங்கள்: இடுப்பிலிருந்து உருவுவது, கையில் விழுவது, ஒரே சாவியைத் தேடிப் பிரிப்பது.

எடுக்கும் நாள்

வளவு தெரியும் ஷாட்டை முதலில் எடுங்கள். மாஸ்டரில் தரையில் விழும் வெயில் தெரிகிறது, அது நகர்ந்துகொண்டே இருக்கும். குளோஸில் தரை தெரியாது, அதை வேட்டியையும் தெர்மாகோலையும் வைத்துப் பிறகு சமாளிக்கலாம். அப்பத்தாவாக நடிப்பவர் நிஜமாகவே வயதானவர் என்றால் அவருடைய குளோஸை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியுங்கள். சாப்பிட்ட பிறகு கண் சொக்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ஒரு மானிட்டர், அதாவது ஒத்திகை, பாருங்கள். 'ரோலிங்' சொல்லி, கிளாப் அடித்து, 'ஆக்‌ஷன்' சொல்வதற்குள் இரண்டு மூச்சு விடுங்கள். வசனம் முடிந்ததும் உடனே 'கட்' சொல்லாதீர்கள். அந்த ஐந்து நொடி மௌனத்தில் நடிகர்கள் கதாபாத்திரமாகவே இருப்பார்கள், எடிட்டருக்குக் கிடைக்கும் நல்ல ரியாக்‌ஷன் பலவும் அங்கிருந்துதான் வரும்.

சாப்பாட்டு கண்டினியூட்டி, அதாவது டேக்குக்கு டேக் தட்டு ஒரே மாதிரி இருப்பது, ஒரு தனித் தலைவலி. 'முதல்ல சாப்பிடு' என்று வசனம் இருப்பதால் தட்டில் பலகாரம் வேண்டும். தேன்குழல் வைக்காதீர்கள், கடிக்கும் சத்தம் வசனத்தின் மேல் ஏறும், ஒவ்வொரு டேக்கிலும் எவ்வளவு உடைந்தது என்ற கணக்கும் தப்பும். கந்தரப்பம் வையுங்கள், பேரன் அதைத் தொடவே மாட்டான் என்று முடிவு செய்யுங்கள். அவன் அவசரமும் தெரியும், கண்டினியூட்டியும் பிழைக்கும். காபி எவர்சில்வர் டம்ளரில் இருக்கட்டும், அளவு தெரியாது.

ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு டேக்கையும் எழுத வேண்டும்: எண், ஓகேயா என்ஜியா (சரிவராததா), எதனால், சாவி எந்தக் கையில் இருந்தது. 'ஏன்' பத்தியில் எழுதியது டேக்கில் வந்ததா இல்லையா என்று ஒரு குறியும் போடட்டும். குழுவில் பொறுமையானவருக்கு இந்த வேலையைக் கொடுங்கள், வேலை இல்லாதவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் கார்டை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, இரண்டிலும் ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். பிறகுதான் கார்டை அழிக்கலாம்.

எடிட்டிங்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இந்த வேலைக்குத் தாராளம். டைம்லைனை 25 ஃபிரேமில் தொடங்குங்கள். எதையும் வெட்டுவதற்கு முன் எல்லா ரஷ்ஷையும் (எடுத்தபடியே இருக்கும் டேக்குகளை) நிறுத்தாமல் ஒரு தடவை பாருங்கள். உங்களை அறியாமல் நிமிர்ந்து உட்கார வைத்த இடங்களை மட்டும் எழுதுங்கள். இந்த முதல் பார்வை திரும்பக் கிடைக்காது. இருபது தடவை பார்த்த பிறகு எல்லா டேக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிறகு கிளாப்பை வைத்து ஒலியைச் சேர்த்து, ஸ்கிரிப்ட் வரிசைப்படி அடுக்குங்கள். இந்த முதல் அடுக்கு நாலு நிமிடம் ஓடும், பார்க்கச் சகிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான், பயப்படாதீர்கள்.

இப்போது சாவிக்கு வருவோம். பட்டியலில் அது நாலாவது ஷாட். வசனத்துக்கு முன் அதை வைத்துப் பாருங்கள்: சாவி நெருக்கத்தில், பிறகு அப்பத்தா "உங்க ஐயா ரூமத் தொறந்து" என்று சொல்கிறார். தகவல் சரியாகப் போய்ச் சேர்கிறது, ஆனால் வசனம் செத்துவிடுகிறது. என்ன சொல்லப் போகிறார் என்று சாவியே சொல்லிவிட்டது. வசனத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள்: படம் வசனத்துக்கு விளக்கம் சொல்வதாகிவிடும். கடைசியாக, வசனம் முழுவதும் பேரன் முகத்தில் ஓடட்டும். "அப்புறம் பேசுவோம்" முடிந்து அவன் கண் கீழே இறங்குகிறது. இறங்கியதும் வெட்டி, சாவி. திரும்பவும் அவன் முகம். இப்போது அந்த முகத்தில் தயக்கம் தெரியும். அவன் புதிதாக எதுவும் நடித்துவிடவில்லை. சாவிக்குப் பக்கத்தில் அவன் முகத்தை வைத்ததால் பார்ப்பவர் தயக்கத்தைத் தானே போட்டுக்கொள்கிறார். சோவியத் நாட்டில் லெவ் குலேஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே முகத்தை வெவ்வேறு படங்களோடு ஒட்டிக் காட்டிச் சொன்னது இதைத்தான்.

கவனித்தீர்களா, அப்பத்தாவின் முக்கிய வசனம் அவர் முகத்தில் ஓடவில்லை. பேசுபவரைத்தான் காட்ட வேண்டும் என்ற பழக்கம் மாணவர் எடிட்டிங்கில் பெரிய வியாதி. டேபிள் டென்னிஸ் பந்தைப் போல வசனத்தோடு கேமரா அங்குமிங்கும் போய் வரும். வசனம் யாரைத் தாக்குகிறதோ அவரைக் காட்டுங்கள். ஒலியைப் படத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ இழுத்துவிடுங்கள். "வண்டி வெளிய நிக்குது" என்று பேரன் குரல் தொடங்கும்போது திரையில் இன்னும் வாசலில் நிற்கும் கார் இருக்கலாம். வெட்டு கண்ணில் படாது.

அசைவில் வெட்டுங்கள். அப்பத்தா கை இடுப்புக்குப் போவது மாஸ்டரில் தொடங்கி, நெருக்கத்தில் முடியட்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் நோட்டைப் பாருங்கள், சாவி எந்தக் கையில் இருந்தது என்று எழுதியிருக்கும். ஆறு ஃபிரேம் என்பது கால் நொடி. அதை எடுத்துப் பாருங்கள், சேர்த்துப் பாருங்கள். அப்பத்தாவின் பதிலுக்கு முன்னால் கால் நொடி கூடினால் அவர் யோசித்துச் சொல்கிறார். குறைந்தால் எரிச்சலில் சொல்கிறார்.

ரஃப் கட் வந்ததும் ஒலியை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அடுத்து, ஸ்கிரிப்ட் தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். "நல்லாருக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்பார்கள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேளுங்கள். "அந்தப் பையன் மனசு மாறிட்டான்" என்று வந்தால் கட் வேலை செய்கிறது. "வீடு சூப்பரா இருக்கு" என்று வந்தால் திரும்ப உட்காருங்கள்.

இனி படத்தை வெட்டுவதில்லை என்று லாக் செய்த பிறகு ஒலி: முதலில் வசனம், அதன் அடியில் இடத்தின் வெற்று ஒலி, மேலே சாவி. இசை தேவைப்பட்டால் கடைசியில். நாதஸ்வரத்தையோ சோகப் புல்லாங்குழலையோ பழைய வீடு என்பதற்காகச் சேர்க்காதீர்கள். நிறத்தில் முதல் வேலை எல்லா ஷாட்டிலும் தோல் நிறம் ஒத்துப்போவது. பழமை வேண்டும் என்று எல்லாவற்றையும் மஞ்சளாக்குவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

தமிழ் டைட்டிலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி, 'செட்டிநாடு' என்பதன் கொம்பு தனியே நிற்கும். அப்படி உடைந்தால் வேறு செயலியில் எழுத்தைப் படமாகச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக உள்ளே கொண்டு வாருங்கள்.

இனி, குறிப்பு எழுதுவது

இப்போது உங்களிடம் மூன்று இருக்கின்றன: 'ஏன்' பத்தியோடு ஷாட் பட்டியல், டேக் நோட்டு, முடிந்த காட்சி. மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தின் நொடியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லா ஷாட்டையும் பற்றி எழுத வேண்டாம். நினைத்ததும் வந்ததும் எங்கே மாறுகின்றனவோ அந்த மூன்று நான்கு இடங்கள் போதும். நல்லபடியாக மாறிய இடமும் அதில் இருக்கட்டும், தவறுகளை மட்டும் பட்டியல் போட்டால் அது மன்னிப்புக் கடிதம் ஆகிவிடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று பிரியுங்கள்: எழுத்தா, இடமா, கேமராவா, நடிப்பா, எடிட்டா. எடிட்டில் தெரியும் குறை பெரும்பாலும் எடிட்டில் பிறந்ததாக இருக்காது. மாதிரிக்கு ஒரு பத்தி:

"1 நிமிடம் 12ஆவது நொடி. ஷாட் 4, சாவி. வசனத்துக்கு முன் வர வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. பின்னால் மாற்றினோம், ஏனென்றால் முன்னால் வந்தபோது வசனத்தை ஊகிக்க முடிந்தது. மாற்றியதால் பேரனின் ரியாக்‌ஷன் நீளமாகத் தேவைப்பட்டது. டேக் 2இல் 'கட்' சீக்கிரம் சொல்லிவிட்டோம், டேக் 3இல் மட்டும் நான்கு நொடி மௌனம் இருந்தது. ஆனால் டேக் 3இல் வெயில் நகர்ந்து பின்னணித் தூண் வெளுத்திருக்கிறது. நடிப்புக்காக அதையே வைத்தோம். அடுத்த முறை இந்த குளோஸை மாஸ்டருக்கு அடுத்ததாக எடுப்போம், தூணின் பின்னால் வேட்டி கட்டுவோம்."

இதில் 'கற்றுக்கொண்டோம்' என்ற சொல்லே வரவில்லை. என்ன நினைத்தார்கள், என்ன மாறியது, எதை எதற்காக விட்டுக்கொடுத்தார்கள், அடுத்து என்ன செய்வார்கள் எல்லாம் தெரிகிறது. மதிப்பெண் போடுபவருக்கும் வேலை சுலபம்.

ஆறாவது ஷாட்டை, அந்தக் காலியான 'ஏன்' ஷாட்டை, கடைசியில் பயன்படுத்தினீர்களா என்றும் எழுதுங்கள். பயன்படுத்தியிருந்தால், எடிட்டிங்கில் கிடைத்த காரணத்தை இப்போது நிரப்பலாம். பயன்படுத்தவில்லை என்றால் அதற்கு எவ்வளவு நேரம் செலவானது என்று டேக் நோட்டில் இருக்கும், அந்த எண்ணை அப்படியே போடுங்கள்.

குழுவில் கேமரா, ஒலி, நடிப்பு, எடிட் ஆகியவற்றைச் செய்தவர்கள் தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே டேக்கைப் பற்றி ஒலிக்காரர் எழுதுவதும் கேமராக்காரர் எழுதுவதும் அநேகமாக ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தை அப்படியே விடுங்கள், சமாதானம் செய்து ஒரே குரலாக்க வேண்டாம்.

சமர்ப்பித்த கையோடு இன்னொரு பிரதியை வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பொதுவில் போடாமல், லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து, பொறுப்பில் இருக்கும் பங்காளிக்கு அனுப்பினால் அவர் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொள்வார். டைட்டிலில் வீட்டின் பெயரைப் போடலாமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். சிலர் போடச் சொல்வார்கள், பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால் சிலர் வேண்டாம் என்பார்கள். அப்பத்தாவாக நடித்தவருக்குப் போனில் லிங்க் அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். நேரில் போய், பெரிய திரையில் போட்டுக் காட்டுங்கள்.